வட்டப் பாத்திக்குள் தழைச்சத்து: கொய்யாத் தோட்ட நூற்புழுக்கள் குறித்து ஒரு மறுகணக்கு

தழைச்சத்து உரம் மண்ணின் நூற்புழுக் கூட்டத்தை எப்படி மாற்றுகிறது என்று ஆராய்வோர் பெரும்பாலும் எக்டருக்கு இத்தனை கிலோ என்றே கணக்கிடுகின்றனர். நெல்வயலுக்கும் புல்வெளிக்கும் அது சரி. உரத்தை மரத்தடியில் மட்டும் இடும் பழத்தோட்டத்துக்கு அந்தக் கணக்கு உதவாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள செம்மண் நிலத்தில் ஒரு கொய்யாத் தோப்பை வைத்துப் பார்ப்போம். காய்க்கும் மரம் ஒன்றுக்கு 50 கிலோ தொழு உரம், தழை, மணி, சாம்பல் சத்துகள் தலா 1 கிலோ என, மார்ச், அக்டோபர் மாதங்களில் இரு தவணையாக இட வேண்டும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. ஆக, ஒரு தவணைக்குத் தழைச்சத்து 500 கிராம். யூரியாவாக ஏறக்குறைய 1.1 கிலோ. ஆறு மீட்டர் இடைவெளியில் எக்டருக்கு 277 மரங்கள் என்றால், சராசரி 139 கிலோ. சாதுவான எண்தான். ஆனால் அதே 500 கிராமை ஒரு மீட்டர் ஆரமுள்ள பாத்தியில் கொட்டினால், அந்த 3.14 சதுர மீட்டர் மண் எக்டருக்கு 1,590 கிலோ என்ற வீதத்தில் உரம் வாங்குகிறது. ஆரம் இரண்டு மீட்டரானால் 400 கிலோ, இரண்டரையானால் 255.

யூரியா எக்டருக்கு 300 கிலோ தழைச்சத்தைத் தாண்டும்போது வேர்முடிச்சு நூற்புழு உள்ளிட்ட பலவற்றை ஒடுக்குகிறது என்று நூற்புழு ஆய்வாளர் ரோட்ரிகஸ்-கபானா 1986இல் தொகுத்துரைத்தார். கொல்வது அதிலிருந்து பிறக்கும் அமோனியா. மக்கும் கரிமப்பொருள் கூடவே இல்லாவிட்டால் பயிருக்கும் கேடு என்றும் அவர் எச்சரித்தார்.

அப்படியானால் குறுகிய பாத்தி நல்லதுதானே என்று கேட்கலாம். இல்லை. வேர்முடிச்சு நூற்புழுவின் பெண் வேருக்குள் பதுங்கியிருக்கிறது. முட்டைகள் கூழ்ப்பையில் பத்திரமாக இருக்கின்றன. மண்ணில் திரியும் இளம்புழுக்களே அடிபடும். அவற்றை உண்ணும் மோனோங்கிடு, டோரிலைமிடு நூற்புழுக்களுக்கு அத்தகைய மறைவிடம் கிடையாது. நூற்புழுக் கூட்டத்தைக் கொண்டு மண்ணின் நிலையை அளக்க டாம் போங்கர்ஸ் 1990இல் வகுத்த முதிர்ச்சிக் குறியீட்டில் இவை 4, 5 என்னும் படிகளில் நிற்பவை: மெல்லப் பெருகுபவை, தொந்தரவைத் தாங்காதவை. அமோனியா வடிந்ததும் முதலில் பெருகுவது பாக்டீரியாவைத் தின்னும் முதற்படி நூற்புழுக்களான ராப்டிடிடுகள். எனவே மொத்த எண்ணிக்கை உயர்வதைப் பார்த்து மண் நலமாயிருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது. இந்தத் துறையில் அடிக்கடி நேரும் தவறு அது. முட்டை பொரித்து வரும் இளம்புழுக்களுக்கு அப்போது எதிரி குறைவு.

கொய்யாவில் இது ஏட்டுக் கவலை அன்று. திண்டுக்கல் மாவட்டம் ஆயக்குடியில் மெலாய்டோகைன் என்டெரோலோபி என்னும் வேர்முடிச்சு நூற்புழு கண்டறியப்பட்டு, இந்தியாவுக்கே புதிய பதிவாக 2016இல் வெளியானது. வேரில் முடிச்சு, மேலே வெளிறிய இலை, பிறகு பியூசேரியம் பூஞ்சையோடு சேர்ந்து வாடல். கன்றின் வேர்மண்ணோடு ஊர்விட்டு ஊர் போகும் புழு இது. வெளிறிய இலையைச் சத்துக்குறை என்று எண்ணி இன்னொரு பிடி யூரியா போடுவதுதான் வழக்கம். முடிச்சு விழுந்த வேர் அதைச் சரியாக எடுத்துக்கொள்ளாது.

2015 முதல் நம் யூரியா பெரும்பாலும் வேம்பு பூசப்பட்டது. அம்மோனியம் நைட்ரேட்டாவதை வேம்பு தாமதப்படுத்தும். அது சிக்கனத்துக்கு நல்லது; ஆனால் அம்மோனிய வடிவம் மண்ணில் நீடிப்பதால், குறுகிய பாத்திக்கு அவ்வளவு நல்லதன்று என்பது என் கருத்து.

பரிந்துரையிலுள்ள 50 கிலோ தொழு உரத்தைத் தழைச்சத்தின் துணைப்பொருளாகவே கொள்ள வேண்டும். அதை விட்டுவிட்டு யூரியா மூட்டையை மட்டும் பிரிப்பது பாதிப் பரிந்துரை. மண்மாதிரியையும் இரு வரிசைகளின் நடுவில் எடுக்காமல் பாத்திக்குள்ளேயே எடுக்க வேண்டும். உரப் பரிந்துரை அச்சிடுவோர், மரத்துக்கு எத்தனை கிலோ என்பதோடு எத்தனை மீட்டர் ஆரத்தில் என்பதையும் சேர்த்து அச்சிட வேண்டும்.