பெயர்ப்பாளர்களும் துபாஷிகளும்: லினக்ஸில் விளையாடிய கதை

விளையாட்டைப் பற்றி எழுதுவது விளையாட்டான காரியம் அன்று. இலக்கியம் பேசும் இடத்தில் கணினி விளையாட்டுக்கு என்ன வேலை என்று அன்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆயினும் நாம் சொல்லப் புகுவது ஒரு மொழிபெயர்ப்பின் வரலாறு. மூலம், பிரதி, துபாஷி, பிழை திருத்தம் ஆகிய நமக்குப் பழகிய சங்கதிகள் அனைத்தும் இதில் உண்டு.

கணினி விளையாட்டு ஒன்று தன்னந்தனியாக இயங்குவதில்லை. திரையில் ஒரு சுவரை வரைய வேண்டுமானாலும், துப்பாக்கி வெடிக்கும் ஓசையை எழுப்ப வேண்டுமானாலும் அது இயங்குதளத்திடம் கேட்டுத்தான் பெற வேண்டும். விண்டோஸிடம் கேட்கும் மொழி வேறு, லினக்ஸிடம் கேட்கும் மொழி வேறு. ஆகவே விண்டோஸுக்கென்று எழுதிய ஆட்டத்தை லினக்ஸில் ஆடுவதற்கு இரண்டு வழிகளே உள்ளன. ஒன்று, மூல நிரலைக் கையில் வாங்கி லினக்ஸின் மொழிக்குப் பெயர்த்தெழுதுவது. மற்றொன்று, ஆட்டத்தைத் தொடாமல் அப்படியே விட்டுவிட்டு நடுவில் ஒரு துபாஷியை நிறுத்துவது. புதுச்சேரியில் துப்ளேக்கும் நாட்டாருக்கும் இடையே ஆனந்தரங்கப் பிள்ளை நின்றாரே, அப்படி. முப்பதாண்டுக்கும் மேலாக இவ்விரு வழிகளுக்கும் இடையே நடந்த இழுபறியே இவ்வரலாறு.

லினஸ் டோர்வால்ட்ஸ் ஹெல்சின்கியில் மாணவராக இருந்தபோது 1991-இல் லினக்ஸை வெளியிட்டார். இரண்டாண்டு கழித்து, 1993 டிசம்பரில், டெக்சாஸைச் சேர்ந்த இட் சாஃப்ட்வேர் 'டூம்' என்ற ஆட்டத்தை டாஸ் இயங்குதளத்துக்கென வெளியிட்டது. உலகம் அதன் பின்னால் ஓடியது. 1994-இல் அந்நிறுவனத்தின் நிரலாளர் டேவ் டெய்லர் அதை லினக்ஸுக்குப் பெயர்த்தார். கேட்டவர் அதிகமில்லை, விற்றுக் காசாக்கும் நோக்கமும் இல்லை. ஆசைக்குச் செய்த காரியம் என்றே சொல்ல வேண்டும்.

அந்த ஆசைப் பிரதிக்குப் பின்னாளில் வந்த யோகத்தைப் பாருங்கள். 1997 டிசம்பரில் டூமின் மூல நிரலை உலகுக்குத் திறந்துவிட அந்நிறுவனம் முடிவு செய்தது. டாஸ் பிரதியை வெளியிட இயலவில்லை, அதில் இருந்த ஒலி நிரல்கள் வேறொருவருக்கு உரியவை. தடையின்றித் தரக்கூடியதாக இருந்தது லினக்ஸ் பிரதிதான். இன்று எத்தனையோ கருவிகளில் டூம் ஓடுகிறது என்று வேடிக்கை பேசுகிறோமே, அந்தப் பரம்பரையின் தாய்ச்சுவடி இதுவே. மூல ஏடு பெட்டிக்குள் முடங்கிக் கிடக்க, பெயர்த்தெழுதிய பிரதியிலிருந்து வமிசம் கிளைத்தது.

நிற்க. டூமை விண்டோஸுக்குப் பெயர்க்கும் பணியும் அக்காலத்திலேயே நடந்தது. 1990-களின் நடுப்பகுதியில் மைக்ரோசாஃப்டுக்கு ஒரு கவலை இருந்தது. ஆட்டக்காரர்கள் டாஸை விட்டு விண்டோஸுக்கு வர மறுத்தார்கள். விண்டோஸ் மெதுவாக ஓடும் என்பது அவர்கள் எண்ணம். டைரக்ட்எக்ஸ் என்னும் நிரல்தொகுப்பை 1995-இல் அந்நிறுவனம் வெளியிட்டது இக்கவலையைப் போக்கத்தான். பில் கேட்ஸே டூமின் காட்சிக்குள் துப்பாக்கியோடு தோன்றும் விளம்பரப் படம் ஒன்றையும் அவ்வாண்டு எடுத்தார்கள். டூமை விண்டோஸ் 95-க்குக் கொண்டுவந்த குழுவை மைக்ரோசாஃப்டில் நடத்தியவரின் பெயர் கேப் நியூவெல். இப்பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

டைரக்ட்எக்ஸ் வென்றது. அதனுடன் விண்டோஸும் வென்றது. லினக்ஸ் அன்பர்கள் ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களை நிறுவிக்கொண்டு, பகலில் ஒன்றும் இரவில் ஒன்றுமாகக் காலம் தள்ளினார்கள். கொள்கை ஒருபுறம், ஆட்டம் மறுபுறம். நம்மில் பலரும் அப்படித்தான் இருந்தோம், அதைச் சொல்வதில் வெட்கமில்லை.

இந்நிலையில் 1998 நவம்பரில் ஸ்காட் டிரேக்கர் என்ற வழக்கறிஞர் கலிஃபோர்னியாவின் டஸ்டின் நகரில் லோகி சாஃப்ட்வேரைத் தொடங்கினார். பிறர் ஆக்கிய விண்டோஸ் ஆட்டங்களை உரிமை பெற்று லினக்ஸுக்குப் பெயர்த்து, பெட்டியில் வைத்துக் கடையில் விற்பது அவர் திட்டம். பெயர்ப்பையே தொழிலாக்கிய பதிப்பகம் என்று கொள்ளலாம். 1999-இல் 'சிவிலைசேஷன்: கால் டு பவர்' முதல் பெயர்ப்பாக வந்தது. தொடர்ந்து ரயில்ரோடு டைகூன், மித், ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக், சிம்சிட்டி 3000, ஆல்ஃபா செண்டாரி என வரிசையாக வந்தன. ஆட்டம் அறிந்தவர்கள் இப்பெயர்களின் கனத்தை உணர்வார்கள்.

லோகி வீழ்ந்த விதம் எந்தப் பதிப்பாளரும் அறிந்த விதமே. விண்டோஸ் பதிப்பு முதலில் கடைக்கு வரும், லினக்ஸ் பெயர்ப்பு பிந்தி வரும். பொறுமையற்ற அன்பர் விண்டோஸ் வட்டை வாங்கிவிடுவார். க்வேக் 3 அரீனா ஆட்டத்தை 1999 இறுதியில் அழகிய தகரப் பெட்டியில் லோகி விற்றது. ஆனால் லினக்ஸில் இயங்கும் கோப்பை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொண்டு, விண்டோஸ் வட்டில் உள்ள படங்களையும் ஒலிகளையும் அதனுடன் சேர்த்தே ஆடிவிடலாம் என்னும்போது தகரப் பெட்டிக்கு யார் காத்திருப்பார்கள்? உரிமைத் தொகை கொடுத்தாக வேண்டும், ஊழியருக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். 2001 ஆகஸ்டில் லோகி திவால் காப்பு கோரியது. 2002 ஜனவரி 31-இல் கதவை மூடியது.

விற்காத பதிப்பகம் ஒன்று மூடியது என்று இதைக் கடந்துபோக நம்மால் இயலவில்லை. பெயர்ப்புக்கென்று லோகி வளர்த்த கருவிகளைத் திறந்த மூலமாகவே விட்டுச் சென்றிருந்தது. ஓப்பன்ஏஎல் என்னும் ஒலித் தொகுப்பு அங்கே பிறந்தது. அங்குத் தலைமை நிரலாளராக இருந்த சாம் லாண்டிங்கா லோகிக்கு முன்பே தொடங்கியிருந்த எஸ்டிஎல் என்னும் தொகுப்பு அங்கே வளர்ந்து பக்குவப்பட்டது. திரை, ஒலி, விசைப்பலகை ஆகியவற்றை எந்த இயங்குதளத்திலும் ஒரே முறையில் அழைக்க உதவும் தொகுப்பு அது. இன்று எண்ணற்ற ஆட்டங்கள் அதன் தோளில் ஏறி நிற்கின்றன. அகராதி தொகுத்தவனை மறந்துவிட்டு அகராதியைப் பயன்படுத்துவது நமக்குப் புதிதன்று.

இனித் துபாஷியின் கதை. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் அப்படியே ஓட்டும் முயற்சியைப் பாப் ஆம்ஸ்டாட், எரிக் யங்டேல் ஆகியோர் 1993-இல் தொடங்கினார்கள். 'வைன்' என்று பெயர். மறு ஆண்டு பொறுப்பேற்ற அலெக்சாந்தர் ஜூலியார் பல்லாண்டுக் காலம் அதை வழிநடத்தினார். விண்டோஸின் மூல நிரல் எவருக்கும் கிடையாது. ஆகவே ஒவ்வோர் அழைப்புக்கும் விண்டோஸ் என்ன விடை தருகிறது என்று வெளியிலிருந்து ஆராய்ந்து, அதே விடையைத் தரும்படி புதிதாக எழுத வேண்டும். விண்டோஸின் பிழையை நம்பி ஓர் ஆட்டம் எழுதப்பட்டிருந்தால் அப்பிழையையும் பிசகாமல் செய்ய வேண்டும்! ஏட்டுப் பிரதி எடுப்பவர் மூலத்தின் எழுத்துப் பிழையையும் அப்படியே எழுதி வைப்பதற்கு ஒப்பானது இது. வைனின் 1.0 பதிப்பு 2008 ஜூனில் வந்தது. பதினைந்தாண்டு உழைப்பு.

இடையில் டிரான்ஸ்கேமிங் என்ற கனடா நிறுவனம் வைனின் நிரலை எடுத்து, டைரக்ட்எக்ஸ் ஆட்டங்களை ஓட்டும் திறனைச் சேர்த்து, மாதச் சந்தாவுக்கு விற்றது. வைனின் அக்கால உரிமம் அதற்கு இடமளித்தது. எடுத்துக்கொண்டவர் திருப்பித் தருவாரா என்ற ஐயம் வலுக்கவே, 2002 மார்ச்சில் வைன் தன் உரிமத்தை எல்ஜிபிஎல்லுக்கு மாற்றிக்கொண்டது. இனி யார் திருத்தினாலும் அத்திருத்தத்தைப் பொதுவில் வைக்க வேண்டும். டிரான்ஸ்கேமிங் தனி வழியே போயிற்று. பொதுவழியில் சென்ற வைனே நிலைத்தது.

இப்போது கேப் நியூவெலிடம் திரும்புவோம். அவர் 1996-இல் மைக்ரோசாஃப்டை விட்டு விலகி, மைக் ஹாரிங்டனுடன் வால்வ் நிறுவனத்தைத் தொடங்கினார். 2003-இல் ஸ்டீம் வந்தது, நாளடைவில் கணினி விளையாட்டின் பெருங்கடை ஆயிற்று. 2012-இல் விண்டோஸ் 8 தனக்கென ஒரு கடையோடு வந்தபோது அதைப் பேரிடர் என்று நியூவெல் வெளிப்படையாகவே சாடினார். கடைக்காரரின் அச்சம் என்னவென்று விளக்க வேண்டியதில்லை: நிலத்துக்கு உடையவன் தானே எதிரில் கடை விரித்தால் குத்தகைக் கடைக்காரன் கதி என்ன? ஆட்டக்காரர்களை டூமைக் காட்டி விண்டோஸுக்கு அழைத்து வந்தவரே இப்போது வெளியேறும் வழி தேடினார்.

வால்வின் முதல் முயற்சி பெயர்ப்பு வழியில் அமைந்தது. லெஃப்ட் 4 டெட் 2 ஆட்டம் லினக்ஸில் முதன்முதல் ஓடியபோது நொடிக்கு 6 சட்டகங்கள்தாம் வந்தன. திருத்தித் திருத்தி 2012 ஆகஸ்டில் 315-க்குக் கொண்டுவந்தார்கள். அதே கணினியில் விண்டோஸ் 7 தந்தது 270.6. லாண்டிங்காவும் அவ்வாண்டு வால்வில் சேர்ந்தார். லினக்ஸுக்கான ஸ்டீம் 2013 பிப்ரவரியில் வெளியானது. ஆயினும் 2015-இல் கடைக்கு வந்த ஸ்டீம் மெஷின்கள் எடுபடவில்லை. கருவி இருந்தது, ஆட்டம் இல்லை. பிற நிறுவனங்கள் பெயர்த்துத் தர முன்வரவில்லை. லோகிக்கு நேர்ந்ததுதான், பெரிய அளவில்.

பின்னர் வால்வ் துபாஷியிடம் போயிற்று. பிலிப் ரெபோலே என்ற நிரலாளர் 'நியர்: ஆட்டோமேட்டா' என்னும் ஆட்டத்தை லினக்ஸில் ஆட விரும்பி, டைரக்ட்எக்ஸ் 11-இன் அழைப்புகளை வல்கன் என்னும் புதிய வரைகலை மொழிக்கு மாற்றித் தரும் டிஎக்ஸ்விகே நிரலை எழுதினார். ஓர் ஆட்டத்தின் மீது ஒருவருக்கு இருந்த ஆசை, மறுபடியும்! வால்வ் அவருக்கு ஆதரவளித்தது. வைன், டிஎக்ஸ்விகே முதலியவற்றை இணைத்து, கோட்வீவர்ஸ் நிறுவனத்தின் துணையோடு 2018 ஆகஸ்டில் 'புரோட்டான்' வெளியாயிற்று. 2022 பிப்ரவரியில் ஸ்டீம் டெக் என்னும் கைக்கருவி வந்தபோது, தாம் லினக்ஸில் ஆடுகிறோம் என்பதை அறியாமலே பலர் ஆடினார்கள். 2025 அக்டோபரில், விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்த அதே மாதத்தில், ஸ்டீமின் கணக்கெடுப்பில் லினக்ஸின் பங்கு முதன்முறையாக 3 விழுக்காட்டைத் தாண்டியது.

எல்லாம் சுபம் என்று முடிக்க முடியவில்லை. ஏமாற்றி ஆடுவோரைப் பிடிக்கும் காவல் நிரல்கள் சில விண்டோஸின் கெர்னல் வரை ஊடுருவி அமர்கின்றன. துபாஷியால் அங்கே நுழைய இயலாது. லினக்ஸில் இயங்கிக்கொண்டிருந்த ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ், ஏமாற்றுக்காரர்களைக் காரணம் காட்டி 2024 அக்டோபர் இறுதியில் அந்தக் கதவை அடைத்தது.

நம்மை உறுத்துவது வேறொன்று. துபாஷி இவ்வளவு சரளமாகப் பேசும்போது எந்த ஆக்குநர் பெயர்ப்புக்குச் செலவிடுவார்? முன்பு லினக்ஸ் பிரதி தந்தவர்களும், புரோட்டானில் ஓடுகிறதே, போதாதா என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் நாவெழவில்லை. லோகியின் பெயர்ப்புகளை இன்றைய லினக்ஸில் நிறுவிப் பார்த்தால் பெரும்பாலும் அப்படியே ஓட மாட்டா. அவை நம்பியிருந்த பழைய நிரல்தொகுப்புகளும் ஒலி முறையும் காலப்போக்கில் மாறிவிட்டன. அன்பர்கள் சிலர் பழைய தொகுப்புகளைத் தேடிப்பிடித்து ஒட்டுப்போட்டு அவற்றுக்கு உயிர் கொடுத்து வருகிறார்கள். அதே ஆட்டங்களின் விண்டோஸ் பிரதிகள் பலவோ, வைனின் துணையால், அதே லினக்ஸில் ஒரு சொடுக்கில் ஓடுகின்றன.