வேடந்தாங்கல் முதல் முதுமலை வரை... சரணாலயம் கிளம்புறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க!

"டிக்கெட் எடுத்து உள்ளே போனா ஒரு பறவையைக்கூடக் காணோம். எல்லாம் சும்மா பில்டப்!" - பறவைகள் சரணாலயத்துக்குப் போயிட்டு வந்தவங்ககிட்ட அடிக்கடி கேட்கிற புலம்பல் இது. எப்போ போனீங்கன்னு விசாரிச்சா, மே மாசம், ஞாயித்துக்கிழமை, மதியம் 12 மணின்னு பதில் வரும். அந்த நேரத்துக்குப் பறவை என்ன, மனுஷங்களே வெளியில தலைகாட்ட மாட்டாங்க!

சரணாலயம் என்பது மிருகக்காட்சி சாலை இல்லை. வண்டலூரில் விலங்குகளைக் கூண்டிலும் அடைப்பிலும் வைத்து நமக்காகப் பராமரிக்கிறார்கள். வேடந்தாங்கலிலோ முதுமலையிலோ அவை தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு தங்கள் வீட்டில் இருக்கின்றன. எந்த மாசம் போறோம், எத்தனை மணிக்குப் போறோம், அங்கே எப்படி நடந்துக்கிறோம் - இந்த மூணும்தான் நீங்கள் எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்கின்றன. மூணாவதுல சொதப்பினா நஷ்டம் நமக்கு மட்டும் இல்லை. ஒரு கூட்டுக்குள் இருக்கும் முட்டையும் குஞ்சும்கூட அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

முதலில் மழையைப் பாருங்க... அப்புறம் காலண்டரைப் பாருங்க!

தமிழ்நாட்டுப் பறவைகள் சரணாலயங்களில் பெரும்பாலானவை, விவசாயத்துக்காக நம் முன்னோர்கள் வெட்டிய ஏரிகளும் குளங்களும்தான். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை பெய்யும். ஏரி நிரம்பும்போது உள்ளே இருக்கும் மரங்களைச் சுற்றித் தண்ணீர் நிற்கும். நாய், நரி, காட்டுப்பூனை எதுவும் நீந்திப் போய் மரம் ஏறாது என்பதால், கூடு கட்ட இதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது. குஞ்சுகளுக்கு ஊட்ட மீனும் நத்தையும் தவளையும் பக்கத்திலேயே கிடைக்கும்.

அதனால் பொதுவாக நவம்பர் முதல் மார்ச் வரைதான் சீசன். டிசம்பர், ஜனவரி என்றால் இன்னும் நல்லது. ஆனால், அந்த வருஷம் மழை ஏமாற்றி ஏரி வறண்டு கிடந்தால், ஜனவரியில் போனாலும் வெறும் மரங்களைத்தான் பார்க்க முடியும். கிளம்புவதற்கு முன் வனத்துறை அலுவலகத்துக்குப் போன் போட்டு, "ஏரியில தண்ணி இருக்கா? பறவை வந்திருக்கா?" என்று கேட்டுவிடுங்கள். ரெண்டு நிமிஷ வேலை, ஒருநாள் அலைச்சல் மிச்சம்.

நேரம்? காலை 6 முதல் 9 மணி வரை, இல்லைன்னா மாலை 4 மணிக்கு மேல. மாலையில் போனால் ஒரு போனஸ் உண்டு. இரை தேடப் போன பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்புவதைப் பார்க்கலாம்.

எல்லாமே 'ஃபாரின்' பறவை இல்லை!

"ஆஸ்திரேலியாவுல இருந்து வருது, சைபீரியாவுல இருந்து வருது" என்று ஒவ்வொரு பறவையையும் காட்டிச் சொல்வார்கள். வேடந்தாங்கல் மரங்களில் கூடு கட்டியிருக்கும் நத்தை குத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம், பாம்புத்தாரா எல்லாம் நம் நாட்டுப் பறவைகள். தண்ணீரும் இரையும் இருக்கும் இடம் தேடி, நாட்டுக்குள்ளேயே இடம் மாறிக்கொண்டிருப்பவை.

உண்மையான வெளிநாட்டு விருந்தாளிகள் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, உள்ளான் வகைகள் போன்றவை. வடக்கே குளிர் தாங்காமல் இங்கே வந்து, வயிறாரச் சாப்பிட்டு, கோடைக்கு முன் திரும்பிவிடும். அவை இங்கே கூடு கட்டுவதில்லை. இந்த ஒரு விஷயம் தெரிஞ்சிருந்தாலே போதும். மரத்தில் கூட்டில் இருப்பது யார், தண்ணீரில் மிதக்கிற விருந்தாளி யார்னு பாதி அடையாளம் உங்களுக்கே புரிஞ்சிடும்.

எங்கே போகலாம்?

வேடந்தாங்கல் (செங்கல்பட்டு மாவட்டம்): சென்னையிலிருந்து சுமார் 80 கி.மீ. சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் படாளம் வழியாகப் போகலாம். ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர்தான். கரையிலேயே நடந்து பார்க்கலாம், கோபுரத்தில் ஏறியும் பார்க்கலாம். இந்த ஊர் மக்கள் 18-ம் நூற்றாண்டின் இறுதியிலேயே, பறவைகளை வேட்டையாடக் கூடாது என்று ஆங்கிலேய கலெக்டரிடம் உரிமை வாங்கியவர்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்கு அப்போதே தெரியும். சுமார் 10 கி.மீ தூரத்தில் கரிக்கிலி சரணாலயம். வாத்து வகைகளைப் பார்க்க அங்கே போகலாம். கூட்டமும் குறைவு.

பள்ளிக்கரணை (சென்னை): லீவும் இல்லை, பட்ஜெட்டும் இல்லையா? வேளச்சேரிக்குப் பக்கத்திலேயே ராம்சார் அங்கீகாரம் பெற்ற சதுப்புநிலம் இருக்கிறது. ஒரு காலை நேரம் போதும்.

கோடியக்கரை (நாகப்பட்டினம் மாவட்டம்): தமிழ்நாட்டில் முதன்முதலில், 2002-ல் ராம்சார் பட்டியலில் இடம்பிடித்த இடம். 1967-ல் வெளிமான்களைக் காப்பதற்காகச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. புல்வெளியில் வெளிமான், உப்பங்கழியில் பூநாரைக் கூட்டம், கூடவே காட்டுக்குதிரைகள் என ஒரே இடத்தில் மூன்றையும் பார்க்கலாம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சரியான நேரம். வேதாரண்யத்தில் தங்கிக்கொள்ளலாம்.

கூந்தன்குளம் (திருநெல்வேலி மாவட்டம்): இங்கே ஸ்பெஷல், ஊருக்குள் வீடுகளை ஒட்டிய மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டுவதுதான். இமயமலையைத் தாண்டிப் பறந்து வரும் வரித்தலை வாத்துகளையும் குளிர்காலத்தில் பார்க்கலாம். கூடு கட்டும் சீசன் இங்கே கோடை வரைக்கும்கூட நீளும்.

வேட்டங்குடி (சிவகங்கை மாவட்டம்): திருப்பத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் பயப்படக் கூடாது என்பதற்காகப் பல வருஷங்களாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகள் தீபாவளியையே விட்டுக்கொடுக்கிறாங்க. நாம ஒரு மணி நேரம் சத்தம் போடாம இருக்க மாட்டோமா?

முதுமலை (நீலகிரி மாவட்டம்): யானை, காட்டுமாடு, புள்ளிமான், செந்நாய் எனக் காட்டுயிர்களுக்கான இடம். புலி கண்ணில் படுவது முழுக்க அதிர்ஷ்டம். வனத்துறை வாகனத்தில் மட்டுமே காட்டுக்குள் சஃபாரி போக முடியும். 2023-ல் ஆஸ்கர் வாங்கிய 'தி எலிஃபென்ட் விஸ்பரர்ஸ்' ஆவணப்படத்தில் வரும் தெப்பக்காடு யானைகள் முகாம் இங்கேதான் இருக்கிறது. நீலகிரிக்கு இ-பாஸ் நடைமுறை 2024 மே மாதம் வந்தது. போகும்போது அப்போதைய விதி என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வால்பாறை, டாப்ஸ்லிப் (கோவை மாவட்டம்): ஆனைமலைப் புலிகள் காப்பகப் பகுதி. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத சிங்கவால் குரங்கை, வால்பாறை ஊருக்குப் பக்கத்திலேயே புதுத்தோட்டத்தில் பார்க்கலாம். அவை சாலையைக் கடக்கும்போது வண்டியில் அடிபடாமல் இருக்க, மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். மழைக்காலத்தில் போனால் அட்டைப் பூச்சிக்கும் தயாராகப் போங்கள்.

ஒரு கைத்தட்டல்... ஒரு கூடு காலி!

'எல்லாம் பறந்தா வீடியோ செமயா இருக்கும்' என்று கை தட்டுகிறவர்கள் உண்டு. அதற்குப் பிறகு என்ன நடக்கும் தெரியுமா? தாய்ப்பறவை எழுந்து பறந்த அடுத்த நிமிஷமே முட்டை வெயிலில் கிடக்கும். நம்ம ஊர் வெயிலில் கூட்டில் உட்காரும் பறவை, முட்டைக்குச் சூடு கொடுப்பதோடு நிழலும் கொடுக்கிறது. சிறகை விரித்துக் குஞ்சுகளுக்குக் குடை பிடிக்கும் நாரைகளை நீங்களே பார்க்கலாம். அந்த நிழல் போனால் முட்டைக்குள் இருக்கும் உயிர் தாங்காது. இன்னொரு பக்கம், காக்காவும் பருந்தும் இந்த ஒரு சந்தர்ப்பத்துக்காகவே காத்திருக்கும். பத்து செகண்ட் ரீல்ஸுக்காக ஒரு சீசனின் உழைப்பே போய்விடும்.

போனை இப்படிப் பயன்படுத்துங்க!

போனைப் பையிலேயே பூட்டி வைக்கச் சொல்லவில்லை. சரியாகப் பயன்படுத்தினால் அதுதான் உங்கள் கைடு.

* சைலன்ட்டில் போடுங்க. ஃபிளாஷை ஆஃப் பண்ணிடுங்க.

* பறவையின் குரலை ஸ்பீக்கரில் ஓடவிட்டு வரவழைக்காதீங்க. 'என் ஏரியாவுக்குள்ள இன்னொருத்தன் வந்துட்டான்' என்று நினைத்து, இரை தேடுவதையும் குஞ்சையும் விட்டுட்டு அது சண்டைக்கு வரும்.

* மெர்லின், இ-பேர்ட் இரண்டும் இலவச ஆப்கள். மெர்லின் பறவையை அடையாளம் காண உதவும். இ-பேர்டில் நீங்கள் பார்த்த பறவைகளைப் பட்டியலாகப் பதிவு செய்யலாம். காட்டில் சிக்னல் இருக்காது. வீட்டு வைஃபையிலேயே இந்தியாவுக்கான பேக்கை டவுன்லோடு செய்துகொள்ளுங்கள்.

* போனில் ஜூம் பண்ணினால் படம் புள்ளி புள்ளியாகத்தான் வரும். பைனாகுலரின் கண்வைக்கும் பக்கத்தில் போன் கேமராவை ஒட்டி வைத்து எடுத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். புதுசா வாங்கினால் 8x42 நல்ல தேர்வு. எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும். முன்பக்க லென்ஸ் 42 மி.மீ என்பதால் விடியற்காலை வெளிச்சத்திலும் தெளிவாகத் தெரியும்.

* கூடு இருக்கும் இடத்தின் லொகேஷனைப் போஸ்ட் பண்ணாதீங்க. இருவாச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பெண் பறவை மரப்பொந்துக்குள் போய், ஒரு சின்ன இடைவெளி மட்டும் விட்டு வாசலை அடைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து ஆண் பறவை கொண்டுவந்து ஊட்டும் பழங்கள்தான் உள்ளே இருப்பவற்றுக்குச் சாப்பாடு. மரத்தடியில் பத்து பேர் போனோடு நின்றால் ஆண் பறவை கிட்டவே வராது. உள்ளே தாயும் குஞ்சும் பட்டினி.

* அனுமதியில்லாமல் டிரோன் பறக்கவிட்டால் கேஸ் ஆகும்.

காட்டுச் சாலையில் இதெல்லாம் வேண்டாம்!

குரங்குக்கு சிப்ஸ், மானுக்கு பிஸ்கட் போடுவது பாசம் மாதிரி தெரியும். அந்த ருசிக்குப் பழகிய குரங்கு சாலையோரத்திலேயே உட்கார்ந்து வண்டியில் அடிபடும், அடுத்து வருகிறவர்களின் பையைப் பிடுங்கும். கவரைத் தூக்கிப்போட்டால், உப்பு ருசிக்காக மான் கவரோடு சேர்த்தே தின்னும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. வீட்டிலிருந்தே ஸ்டீல் பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

யானை சாலையில் நின்றால், தூரத்திலேயே வண்டியை நிறுத்துங்கள். ஹாரன் வேண்டாம், இறங்கி செல்ஃபி எடுக்கவே வேண்டாம். அது காதை விரித்து, தலையைத் தூக்கி உங்களையே பார்த்தால், 'கிட்ட வராதே' என்று அர்த்தம். மெதுவாக ரிவர்ஸ் எடுங்கள். அதுவாகப் போகும் வரை காத்திருங்கள்.

கூகுள் மேப்பில் பாதை தெரிகிறதே என்று அனுமதி இல்லாமல் காட்டுக்குள் நடக்காதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேற்றம் போன 20-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். கோடையில் புலிகள் காப்பகங்களைச் சில நேரம் மூடுவதற்கு இந்தத் தீ அபாயமும் ஒரு காரணம். நடக்க ஆசைப்பட்டால், வனத்துறை 2024-ல் 40 பாதைகளோடு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' மூலம் ஆன்லைனில் புக் செய்து, வழிகாட்டியோடு போகலாம்.

பேக் பண்றப்போ ஒரு செக்!

மண், பச்சை, சாம்பல் நிற டிரெஸ், மூடிய ஷூ, தொப்பி, தண்ணீர், ஒரு சின்ன நோட்டு. பளிச் சிவப்பு, வெள்ளை டிரெஸ், பெர்ஃப்யூம், புளூடூத் ஸ்பீக்கர் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். நாலைந்து பேருக்கு மேல் கூட்டமாகப் போக வேண்டாம். ஒரே இடத்தில் 20 நிமிஷம் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். நடந்துகொண்டே இருப்பவர்களைவிட உங்களுக்கு அதிகப் பறவைகள் கண்ணில் படும்.

தூரமாகப் போக நேரம் அமையலையா? ஒவ்வொரு வருஷமும் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடக்கிறது. யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். உங்கள் ஊர்க் குளத்தங்கரையிலோ மொட்டைமாடியிலோ 15 நிமிஷம் நின்று, கண்ணில் பட்ட பறவைகளை எண்ணி இ-பேர்டில் பதிவு செய்தால் போதும். பத்து பறவைகளின் பேர் தெரிந்த பிறகு வேடந்தாங்கல் போய்ப் பாருங்கள். "ஒண்ணுமே இல்லை"ன்னு சொல்லிட்டுத் திரும்ப மாட்டீங்க!