புரூக்ளின்–குயின்ஸ் மின்தேவை மேலாண்மைத் திட்டம்

நியூயார்க் மாநகரில் புதிய துணைமின் நிலையம் கட்டுவதைத் தள்ளிப்போட கான் எடிசன் மின்நிறுவனம் மேற்கொண்ட திட்டம். மின்கட்டமைப்பை விரிவாக்குவதற்குப் பதிலாக, நெருக்கடியுள்ள பகுதியிலேயே தேவையைக் குறைக்கவும் மின்சாரத்தைச் சேமிக்கவும் உற்பத்தி செய்யவும் விலை கொடுத்த முயற்சிகளில் அதிகம் பேசப்படுவது இது.

புரூக்ளினிலுள்ள பிரவுன்ஸ்வில்லின் இரண்டு துணைமின் நிலையங்களுக்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பித்தடங்களில் 2018 கோடைக்குள் 69 மெகாவாட் அளவுக்குப் பளு மிஞ்சும் என்று கணிக்கப்பட்டது. புதிய நிலையத்துக்கும் அதைச் சார்ந்த வேலைகளுக்கும் ஏறத்தாழ 100 கோடி டாலர் தேவைப்பட்டது. பளு மிஞ்சுவதோ கடும் வெயில் நாட்களின் சில மணி நேரம்தான். 2014 டிசம்பரில் மாநிலப் பொதுச்சேவை ஆணையம் 20 கோடி டாலர் வரையிலான மாற்று ஏற்பாட்டுக்கு அனுமதி தந்தது. அதன்படி 41 மெகாவாட்டை நுகர்வோர் பக்கத்திலும் 11 மெகாவாட்டை நிறுவனத்தின் பக்கத்திலும் ஈடுகட்ட வேண்டும். மீதி 17 மெகாவாட்டை வழக்கமான கட்டமைப்பு வேலைகள் பார்த்துக்கொள்ளும்.

இங்கே உச்சத் தேவை இரவு 9 மணிக்கும் 10 மணிக்கும் இடையில் வந்தது. குடியிருப்புகள் நிறைந்த பகுதி என்பதால், வேலை முடிந்து வீடு திரும்பியவர்களின் ஏசி ஓடும் நேரம் அது. சூரியத் தகடு எவ்வளவு மலிவானாலும் மின்கலம் துணையில்லாமல் அந்த நேரத்துக்கு உதவாது. அடுக்குமாடிகளின் படிக்கட்டிலும் நடைவழியிலும் விடிய விடிய எரிந்த பழைய குழல்விளக்குகளைக் கழற்றி எல்இடி மாட்டியது உதவியது. பார்வைக்கு எடுப்பில்லாத வேலைதான். ஆனால் தேவைப்பட்ட மணியில் தவறாமல் பளு குறைந்தது. எரிபொருள் கலங்களும் மின்கலங்களும் இதனுடன் சேர்ந்தன.

தள்ளிப்போடுவதன் மதிப்பு வட்டிக் கணக்கில் பிடிபடும். 10 விழுக்காடு வட்டியில், 100 கோடிச் செலவை ஓராண்டு தள்ளினால் சுமார் 9 கோடி மிச்சம். அந்தத் தொகைக்குள் அடங்கும் வரையில்தான் மாற்று ஏற்பாடு லாபம். நிலையத்தைக் கட்டி முடித்துவிட்டால், தள்ளிப்போடுவதற்கென்று கிடைத்த மதிப்பு அன்றோடு தீரும்.

மின்நிறுவனங்கள் போட்ட முதலீட்டின் மீதே லாபம் பெறுகின்றன. கட்டாமல் விடுவதில் அவற்றுக்கு ஆதாயமில்லை. இதைச் சரிக்கட்ட, திட்டச் செலவுக்கும் முதலீட்டைப் போலவே வருவாய் வழங்கி, செயல்திறனுக்கு ஏற்ற ஊக்கத்தொகையையும் ஆணையம் சேர்த்தது. 2017-இல் திட்டக் காலத்தை நீட்டித்தது.

அதே ஆண்டு மார்ச்சில், நுகர்வோர் இடங்களிலேயே சிறு அளவில் நடக்கும் பரவல் உற்பத்திக்கு விலை நிர்ணயிக்கும் முறையையும் நியூயார்க் மாற்றியது. மின்சாரத்தின் சந்தை விலை, உச்சத் தேவைக்கான திறன், சுற்றுச்சூழல் பயன் ஆகியவற்றுடன் நெருக்கடியுள்ள இடத்துக்கான தனித்தொகையும் அதில் உண்டு. நெருக்கடி இல்லாத பகுதியில் அதே மின்கலத்துக்கு இத்தொகை கிடைக்காது.