தேய்ந்து பிறந்த ‘ஏ’

ஆங்கில வகுப்பில் ‘ஏ’தான் மூத்தது போலவும், அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கினால் அதோடு ஒரு ‘ன்’ ஒட்டிக்கொள்வது போலவும் சொல்லிக்கொடுக்கிறார்கள். நடந்தது நேர்மாறு. முதலில் இருந்தது ‘ஆன்’. அது தேய்ந்துதான் ‘ஏ’ பிறந்தது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் ‘ஆன்’ என்பது ‘ஒன்று’ என்னும் எண், நெடிலாகவே ஒலித்தது. அழுத்திச் சொன்ன இடங்களில் அது இன்றைய ‘ஒன்’ ஆயிற்று. போகிற போக்கில் சொன்ன இடங்களில் குறுகி, எண் என்ற பொருளையும் மெல்ல இழந்தது. 12ஆம் நூற்றாண்டு வாக்கில் மெய்யொலிக்கு முன் ‘ன்’ உதிரத் தொடங்கியது. உயிருக்கு முன் நிலைத்தது. ‘ஒரு மரம், ஓர் ஊர்’ என்று பழகிய நமக்கு இதில் வியப்பில்லை. ஹகரத்துக்கு முன் ‘ன்’ எளிதில் போகவில்லை: 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிள் நூற்றைக் குறிக்க ‘ஆன் ஹண்ட்ரட்’ என்றே எழுதியது.

இந்த ‘ன்’ எந்தச் சொல்லுக்குச் சொந்தம் என்பதில் ஆங்கிலேயரின் காதே குழம்பியதுதான் கதையின் சுவையான பகுதி. சமையலறையில் கட்டும் ஏப்ரன் முன்பு ‘நேப்ரன்’. ‘ஏ நேப்ரன்’ என்றதை ‘ஆன் ஏப்ரன்’ என்று பிரித்துக் கேட்டார்கள், நகரம் பறிபோனது. கிரிக்கெட் அம்பயரும் அப்படித்தான்: பிரெஞ்சிலிருந்து வந்தபோது அவர் ‘நூம்பெர்’, இரு தரப்பிலும் சேராத தனி ஆள். எதிர்த்திசையிலும் களவு நடந்தது. கூடுதல் பெயர் என்ற பொருளில் இருந்த ‘ஈக்நேம்’, ‘ஆன்’ உதிர்த்த நகரத்தைச் சுருட்டிக்கொண்டு ‘நிக்நேம்’ ஆகிவிட்டது.

இன்று ‘ஏ’வா ‘ஆன்’ஆ என்பதை எழுத்தைப் பார்த்துத் தீர்மானிக்க முயல்பவர்கள்தான் வழுக்கி விழுகிறார்கள். கேட்க வேண்டியது காதைத்தான். ‘எம்’ மெய்யெழுத்தே ஆனாலும் அதன் பெயர் எகரத்தில் தொடங்குவதால் ‘ஆன் எம்.எல்.ஏ.’, யூனிவர்சிட்டி யகர ஒலியில் தொடங்குவதால் அதற்கு ‘ஏ’. இந்த யகரத்துக்கும் ஒரு காலத்தில் தயக்கம் இருந்தது. 1787இல் எழுதிய அமெரிக்க அரசியல் சாசனத்தில், குடியுரிமை பற்றிய இடத்தில், ‘ஆன் யூனிஃபார்ம்’ என்றே இருக்கிறது.

‘ஹிஸ்டாரிக்’ முன் எது வரவேண்டும் என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. முதல் அசையில் அழுத்தம் இல்லாததால் ஹகரம் மெலிகிறது, ஆகவே ‘ஆன்’ என்பது ஒரு கட்சி. ஹகரத்தை வாய் நிறையச் சொல்லிவிட்டு அதன் முன் ‘ஆன்’ போடுவது எனக்கு வெறும் பகட்டாகவே படுகிறது.