வேக வரம்பிலிருந்து இட வரம்புக்கு: சிங்கப்பூர் நடைபாதைகளில் மின்ஸ்கூட்டர் ஒழுங்குமுறை

மின்கலத்தால் ஓடும் சிறு வண்டிகளைச் சிங்கப்பூர்ச் சட்டம் முக்கியமாக இரண்டு வகையாகப் பார்க்கிறது. மிதிகட்டையை மிதித்தால் மட்டுமே மோட்டார் துணைக்கு வரும் வண்டி மின்சைக்கிள். நின்றபடியோ உட்கார்ந்தபடியோ மோட்டாரின் விசையால் மட்டுமே செல்லும் மின்ஸ்கூட்டர், ஹோவர்போர்டு, ஒற்றைச் சக்கர வண்டி ஆகியவை 'தனிநபர் நடமாட்டச் சாதனம்' என்ற பெயரில் அடங்கும். இவற்றுள் இரண்டாம் வகையை நடைபாதையில் ஓட்டலாம் என்ற கொள்கையைச் சிங்கப்பூர் அரசு 2016இல் ஏற்றது. 2019இன் இறுதியில் மின்ஸ்கூட்டருக்கும், 2020 ஏப்ரலில் மோட்டார் பொருத்திய மற்றச் சாதனங்களுக்கும் அதே நடைபாதையை மூடியது. இந்த நான்கு ஆண்டுகளில் மூன்று வகை விதிகள் ஒன்றன்பின் ஒன்றாக நடைமுறைக்கு வந்தன: ஓட்டுபவரின் நடத்தையைக் கட்டுப்படுத்தும் விதி, பொறியைக் கட்டுப்படுத்தும் விதி, வண்டி செல்லும் இடத்தைக் கட்டுப்படுத்தும் விதி. ஊரும் மக்களும் வண்டிகளும் பெரிதாக மாறாதிருக்க விதி மட்டும் மாறியதால், நடந்து செல்பவரைக் காப்பதில் எந்த வகை விதிக்கு எவ்வளவு வலு உண்டு என்பதை ஆராய இது அரிய வாய்ப்பு. விதிமீறல் வெறுங்கண்ணுக்குத் தெரியும் அளவிற்கே விதி காக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

நடைபாதையில் சக்கரங்களை அனுமதிக்கும் போக்கு மின்ஸ்கூட்டருக்கு முன்பே தொடங்கிவிட்டது. சாதாரண சைக்கிளை நடைபாதையில் ஓட்டுவது சிங்கப்பூரில் நெடுங்காலம் குற்றமாக இருந்தது. 2010இல் தெம்பனிஸ் நகரத்தில் மட்டும் அது சட்டப்படி ஏற்கப்பட்டது. பின்னர் 2015இல் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் முயற்சியில் துடிப்பான நடமாட்ட ஆலோசனைக் குழு அமைந்தது. 2016 மார்ச்சில் அது தந்த பரிந்துரைகளில், நடைபாதையில் மணிக்கு 15 கிலோமீட்டர், சைக்கிள் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் 25 கிலோமீட்டர் என வேக எல்லைகள் வகுக்கப்பட்டன. சாதனத்தின் எடை 20 கிலோவையும், அகலம் 70 சென்டிமீட்டரையும், வேகத்திறன் 25 கிலோமீட்டரையும் தாண்டக் கூடாது என்பதும் அவற்றில் இருந்தது. இவற்றைத் தாங்கிய துடிப்பான நடமாட்டச் சட்டம் 2017 ஜனவரியில் நிறைவேறி, 2018 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கார் வாங்கும் உரிமைக்கே பெருந்தொகை கட்ட வேண்டிய நாட்டில், வீட்டிலிருந்து எம்ஆர்டி ரயில் நிலையம் வரையுள்ள சிறு தொலைவைக் கடக்க மலிவான வழி வேண்டும் என்ற எண்ணம் இதற்குப் பின்னால் இருந்தது. அந்த எண்ணத்தில் குறை காண இயலாது.

குறை எண்களில் இருந்தது. 25 கிலோமீட்டர் என்ற எல்லை உலகெங்கும் திரும்பத் திரும்ப வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 250 வாட் ஆற்றலும் 25 கிலோமீட்டர் வேகத்தில் மோட்டார் நின்றுவிடும் அமைப்பும் கொண்ட மின்சைக்கிள் சைக்கிளாகவே கருதப்படுகிறது. இந்தியாவிலும் 250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டருக்கும் கீழுள்ள மின்வண்டிக்குப் பதிவும் ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை. எந்த வண்டிக்கு உரிமம் கேட்பது, எதை விட்டுவிடுவது என்ற நிர்வாகக் கேள்விக்கு விடையாகப் பிறந்த எல்லை இது. சாலையில் மொபெட்டிலிருந்து சைக்கிளைப் பிரிக்க அது போதும். நடைபாதையில் செல்லும் முதியவரை மனத்தில் வைத்து யாரும் அதை வரையவில்லை. மோட்டார் வாகனம் ஆகாத ஒன்று நடந்து செல்பவருக்கு ஆபத்தற்றது என்ற முடிவு அந்த எண்ணிலிருந்து கிடைக்காது.

கணக்கு எளியது. 20 கிலோ எடையுள்ள வண்டியில் 70 கிலோ எடையுள்ளவர் நின்று 25 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், மோதலின்போது வெளிப்படக்கூடிய இயக்க ஆற்றல் ஏறத்தாழ 2,170 ஜூல். 15 கிலோமீட்டரில் அது 780 ஜூலாகவும், 10 கிலோமீட்டரில் 350 ஜூலாகவும் குறைகிறது. ஓட்டுபவர் எதிரே ஒருவரைக் கண்டு பிரேக்கைப் பிடிக்க ஒரு வினாடி ஆகும் என்று கொண்டால், அதற்குள் வண்டி முதல் வேகத்தில் 7 மீட்டரும் கடைசி வேகத்தில் 3 மீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும் நகர்ந்துவிடும். பழைய குடியிருப்புப் பேட்டைகளில் நடைபாதை சுமார் ஒன்றரை மீட்டர் அகலமே உள்ளது. 70 சென்டிமீட்டர் அகலச் சாதனம் அதில் நுழைந்தால் நடப்பவருக்கு எஞ்சுவது 80 சென்டிமீட்டர். சந்தைப் பையைச் சுமந்தவரோ குழந்தையைக் கையில் பிடித்தவரோ அதற்குள் ஒதுங்க முடியாது. மோட்டார் ஓசையின்மையும் சேர்ந்துகொள்கிறது. மின்கார்கள் குறைந்த வேகத்தில் எச்சரிக்கை ஒலி எழுப்ப வேண்டும் என்று கூறும் ஐநா ஒழுங்குவிதி நான்கு சக்கர வாகனங்களை மட்டுமே தொடுகிறது; பின்னாலிருந்து வரும் ஸ்கூட்டரைக் காது அறிவிக்காது.

ஆகவே 10 கிலோமீட்டர் வேகத்தில் மோதலின் ஆற்றல் 25இல் உள்ளதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான் என்பதில் ஐயமில்லை. அந்த 10ஐ எப்படிக் கடைப்பிடிக்கச் செய்வது என்பதே சிக்கல். 2017, 2018 ஆகிய இரண்டு ஆண்டுகளில் பொதுப் பாதைகளில் இச்சாதனங்கள் தொடர்பாக 228 விபத்துகள் பதிவாயின. அவற்றுள் 196இல் காயம் ஏற்பட்டது, 32இல் எலும்பு முறிவு போன்ற கடுங்காயம். 2019 பிப்ரவரி 1 முதல் நடைபாதை வேக எல்லை 15இலிருந்து 10ஆகக் குறைக்கப்பட்டது. சாலையைக் கடக்குமிடங்களில் நின்று பார்த்துச் செல்ல வேண்டும் என்ற விதியும் சேர்ந்தது. தாளில் இது பெரிய முன்னேற்றம். ஆனால் தம்மைக் கடந்து போன வண்டி 10இல் போனதா 17இல் போனதா என்று நடந்து செல்பவரால் சொல்ல முடியாது. அதிகாரி வேகமானியுடன் நிற்கும் இடத்தில் மட்டுமே மீறல் சான்றாகிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடைபாதையில் அத்தகைய இடங்கள் சொற்பம். விபத்து நடந்த பிறகும், 'எல்லைக்குள்தான் வந்தேன்' என்ற ஓட்டுநரின் கூற்றை மறுக்கப் பெரும்பாலும் கருவி இருப்பதில்லை. இதற்கு மேல் ஊதிய முறையின் அழுத்தமும் உண்டு. உணவு விநியோக ஓட்டுநர்களுக்குக் கூலி மணிக்கணக்கில் வருவதில்லை, கொண்டு சேர்க்கும் பொட்டலத்தின் எண்ணிக்கையில் வருகிறது. விதி மெதுவாகப் போகச் சொல்ல, வருமானம் விரைவாகப் போகச் சொன்னது. யாரும் பார்க்காத இடத்தில் எது வெல்லும் என்பதை ஊகிக்க ஆய்வு தேவையில்லை.

பொறியைக் கட்டுப்படுத்தும் விதிகளின் நிலை வேறு. 2019 ஜனவரியில் மின்ஸ்கூட்டர்களின் பதிவு தொடங்கியது; ஜூலை 1 முதல் பதிவற்ற ஸ்கூட்டரைப் பொதுப் பாதையில் ஓட்டுவது குற்றமானது. அதே நாளிலிருந்து யூஎல்2272 என்னும் தீப்பாதுகாப்புத் தரம் இல்லாத சாதனங்களைக் கடைகள் விற்கக் கூடாது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் மின்னேற்றும்போது மூண்ட தீவிபத்துகளும், அந்த ஜூலையிலேயே புக்கிட் பாத்தோக்கில் ஓர் உயிரைப் பறித்த தீயும் சேர்ந்து, தரமற்ற ஸ்கூட்டர்களை ஒழிக்கும் கெடுவை 2020 ஜூலைக்கு முன்னகர்த்தின. எடை, அகலம், சான்றிதழ் மூன்றையும் கடையிலும் சோதனை மையத்திலும் ஒரே முறையில் சரிபார்க்க முடியும் என்பதால் இவ்விதிகள் நன்கு வேலை செய்தன. ஆனால் அவை குறைத்தது வீட்டுக்குள் தீ மூளும் ஆபத்தை. நடைபாதை மோதலை அவை தொடவில்லை. பதிவு எண், மோதிவிட்டு ஓடியவரைத் தேடும் வேலைக்குத்தான் உதவும். மோதலோடு தொடர்புள்ள ஒரே அளவான வேகத்திறனையும் வாங்கிய பின் மாற்றிவிடலாம்.

2019 செப்டம்பரில் இரண்டு நிகழ்வுகள் விவாதத்தின் திசையை மாற்றின. மாதத் தொடக்கத்தில், ஆளும் மக்கள் செயல் கட்சி நிர்வகித்த 15 நகர மன்றங்கள் வீவக புளோக்குகளின் கீழ்த்தளத்தில் இச்சாதனங்களை ஓட்டத் தடை விதித்தன. மின்தூக்கியிலிருந்து வெளியே வருபவர், விளையாடும் பிள்ளைகள், சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கும் முதியவர் என எல்லாரும் புழங்கும் அந்தத் தளத்தில் தூண்களும் மூலைகளும் பார்வையை மறைக்கும். எனவே அங்கு வேக எல்லை வகுக்காமல் ஓட்டுவதையே தடுத்தது பொருத்தமான முடிவு. மாதத்தின் பிற்பகுதியில், பிடோக்கில் மின்ஸ்கூட்டர் மோதி 65 வயதுச் சைக்கிளோட்டி ஒருவர் உயிரிழந்தார். முழுத் தடை கோரும் குரல்கள் வலுத்தன. நவம்பர் 4 அன்று போக்குவரத்து மூத்த துணை அமைச்சர் லாம் பின் மின் நாடாளுமன்றத்தில் அறிவித்தபடி, மறுநாளிலிருந்து எல்லா நடைபாதைகளிலும் மின்ஸ்கூட்டர் தடைசெய்யப்பட்டது. ஆண்டு முடியும்வரை எச்சரிக்கை மட்டும். 2020 ஜனவரி 1 முதல் 2,000 வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

சட்டத்தின் நோக்கில் இங்கே நிகழ்ந்த மாற்றம் பெரிது. முன்பு குற்றம் என்பது ஓர் அளவீடு; இப்போது நடைபாதையில் வண்டி இருப்பதே குற்றம். அதைக் கண்டறிய வேகமானி வேண்டாம், அதிகாரிகூட வேண்டாம். வழிப்போக்கர் எடுத்த நிழற்படமே சான்றாகும். இரு தரப்புக்கும் ஐயம் எழ இடமில்லாததால் விதி தன்னைத்தானே விளக்கிக்கொள்கிறது.

இந்தத் தெளிவுக்கான விலையைக் கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். அன்று நடைபாதையின் மொத்த நீளம் சுமார் 5,500 கிலோமீட்டர், சைக்கிள் பாதை 440 கிலோமீட்டர் மட்டுமே. மின்ஸ்கூட்டருக்குச் சாலையிலும் இடம் இல்லை. ஆக, ஓட்டத்தக்க இடத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவானதே மிஞ்சியது. அதுவும் துண்டு துண்டாக. மின்ஸ்கூட்டரை நம்பியிருந்த உணவு விநியோக ஓட்டுநர்கள் ஏறத்தாழ 7,000 பேர் ஒரே இரவில் தொழில் வழியை இழந்தனர். அவர்கள் கூட்டங்கூட்டமாக நாடாளுமன்ற உறுப்பினர்களின் மக்கள் சந்திப்புகளுக்குச் சென்று முறையிட்டனர். அதன்பின் அரசும் விநியோக நிறுவனங்களும் சேர்ந்து 70 லட்சம் வெள்ளி மானியத் திட்டத்தை அறிவித்தன: மின்சைக்கிளுக்கு மாறினால் 1,000 வெள்ளி வரை, சாதாரண சைக்கிளுக்கு மாறினால் 600 வெள்ளி வரை. உதவி வந்தது நல்லதே. தடைக்கு முன்பே வந்திருக்க வேண்டியது. இன்னொரு விளைவும் உண்டு. மின்சைக்கிளுக்கும் நடைபாதையில் அனுமதி இல்லை, அதன் இடம் சாலையும் சைக்கிள் பாதையுமே. எனவே நடந்து செல்பவர் மீதிருந்த ஆபத்தின் ஒரு பகுதி, லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் நடுவே செல்லும் ஓட்டுநரின் உடலுக்கு இடம்பெயர்ந்தது. நடைபாதைத் தடையின் பயனை எடைபோடும்போது இந்தக் கணக்கை விட்டுவிடுவது நேர்மையாகாது.

தடையில் விலக்குகளும் இருந்தன. சாதாரண சைக்கிள் நடைபாதையில் 10 கிலோமீட்டர் எல்லைக்குள் தொடரலாம் என்று விடப்பட்டது. நடக்க இயலாதோருக்கான மோட்டார் சக்கர நாற்காலியும் நடமாட்ட ஸ்கூட்டரும் அவ்வாறே. பின்னது நியாயமான விலக்கு. அதைத் தவறாகப் பயன்படுத்துவதும் எளிது. நல்ல உடல்நலம் உள்ளவர்கள் நடமாட்ட ஸ்கூட்டரில் அமர்ந்து செல்லத் தொடங்கியதால், 2025 தொடக்கத்தில் நிறைவேறிய சட்டத்திருத்தம் அதற்கு மருத்துவச் சான்றைக் கட்டாயமாக்கவும், வேக எல்லையை 10இலிருந்து விரைநடைக்கு ஒப்பான 6 கிலோமீட்டருக்கு இறக்கவும் வழிசெய்தது. 6 கிலோமீட்டர் என்பது சரியான எண். எனினும் மருத்துவச் சான்று பையில் இருக்கும், வேகம் கண்ணுக்குத் தெரியாது. ஒழுங்குமுறை மீண்டும் பழைய இக்கட்டுக்கே வருகிறது. பொறியே 6ஐத் தாண்டாதபடி தயாரிப்பில் கட்டுப்படுத்தி, இறக்குமதியிலேயே சோதிப்பதுதான் இங்கு ஓரளவு கைகொடுக்கும்.

இந்த இக்கட்டுக்கு மற்ற நாடுகள் கண்ட விடைகள் ஒரே தரத்தவை அல்ல. ஜெர்மனியில் 2019இல் தயாரான முதல் வரைவு, 12 கிலோமீட்டருக்கு உட்பட்ட ஸ்கூட்டர்களை நடைபாதையில் விட இருந்தது. எதிர்ப்பு எழவே அப்பகுதி நீக்கப்பட்டது. அந்த ஜூனில் நடைமுறைக்கு வந்த விதி நடைபாதையைத் தொடக்கத்திலேயே மூடி, காப்பீட்டு எண் ஒட்டுவதைக் கட்டாயமாக்கியது. சிங்கப்பூர் விபத்துகளின் வழியே வந்தடைந்த முடிவை ஜெர்மனி வரைவுத் தாளிலேயே எட்டிவிட்டது. பாரிஸ் எடுத்த வழி இதனுடன் அடிக்கடி ஒப்பிடப்பட்டாலும் உண்மையில் வேறானது. 2023 ஏப்ரல் 2 வாக்கெடுப்பில் வாக்களித்தோரில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் வாடகை ஸ்கூட்டரை எதிர்த்தனர். வாக்களிக்க வந்தோரோ பத்தில் ஒருவருக்கும் குறைவு. செப்டம்பரில் வாடகை வண்டிகள் வெளியேறின, சொந்த ஸ்கூட்டர்கள் தொடர்ந்தன. நடைபாதையில் கிடந்து வழிமறித்த வண்டிகள் மறைந்தன என்பது மெய். ஆனால் மோதும் வண்டி வாடகையா சொந்தமா என்பது மோதப்படுபவருக்கு ஒன்றுதான்.

இவற்றுள் கூர்மையானது ஜப்பானின் ஏற்பாடு. 2023 ஜூலை 1 முதல் அங்கே 20 கிலோமீட்டர் வேகத்திறன் கொண்ட ஸ்கூட்டரை 16 வயது நிரம்பியவர் உரிமமின்றிச் சாலையில் ஓட்டலாம். எண் தகடு கட்டாயம். அனுமதிக்கப்பட்ட சில நடைபாதைகளில் நுழைய வேண்டுமானால் வண்டியை 6 கிலோமீட்டர் நிலைக்கு மாற்ற வேண்டும். அப்போது வண்டியின் பச்சை விளக்கு அணைந்து அணைந்து எரியும். சாலை நிலையில் அது நிலையாக எரியும். நடைபாதையில் நிலையான பச்சை விளக்கோடு வரும் வண்டி விதியை மீறுகிறது என்பதைப் பக்கத்தில் நடப்பவரே அறியலாம். வேக எல்லையைக் கண்ணுக்குத் தெரியும் குறியாக மாற்றியதால், இட விதிக்கு உரிய தெளிவு நடத்தை விதிக்கும் ஓரளவு கிடைத்துவிட்டது. விளக்கை ஏமாற்றும் பொறிமாற்றம் நடக்கக்கூடும். அதற்கு மெனக்கெட வேண்டும் என்பதே ஒரு தடை.

சிங்கப்பூரில் எஞ்சியிருப்பது பாதைகளின் வேலை. சைக்கிள் பாதை வலையமைப்பை 2030க்குள் சுமார் 1,300 கிலோமீட்டராக்கும் திட்டம் நடந்துவருகிறது. 2025 ஜூலை முதல், சைக்கிள் பாதையை ஒட்டிச் செல்லும் நடைபாதைகள் நடப்பவருக்கு மட்டும் என ஒதுக்கப்பட்டு, சாதாரண சைக்கிளும் அங்கிருந்து விலக்கப்பட்டது. 2019 தடையில் சைக்கிளுக்கு மட்டும் விலக்களித்ததால் எழுந்த முரண் அந்த இடங்களில் மட்டும் தீர்ந்தது. சைக்கிள் பாதை இல்லாத தெருக்களில் சைக்கிளும் நடப்பவரும் அதே ஒன்றரை மீட்டரைப் பகிர்கின்றனர். புதிய பாதைகளிலும் பேருந்து நிறுத்தங்கள் கடினமான முடிச்சுகளாக உள்ளன. நிழற்குடையின் பின்புறம் வளைந்து செல்லும் சைக்கிள் பாதையைப் பேருந்திலிருந்து இறங்குபவர் குறுக்கே கடந்துதான் தன் புளோக்குக்குப் போக முடியும். அந்தச் சில மீட்டர்களில் இட விதியால் இருவரையும் பிரிக்க இயலாது. அங்கு வேகத்தைக் குறைப்பது பாதையின் மேடும் வளைவும் தரைப்பரப்பும்தான்.