120 நாள்கள்: கருவில் இருக்கும் உயிர் குறித்து ஃபிக்ஹும் நாட்டுச் சட்டமும்



கொடைக்கானலிலும் பழனி மலையின் ஊர்களிலும் வாழும் நம் குடும்பங்கள் உலமாக்களிடம் கொண்டு வரும் கேள்விகளில் இரண்டு மிகக் கனமானவை. ஐந்தாம் மாதத்தில் இறந்து பிறந்த சிசுவை எவ்வாறு அடக்குவது? ஸ்கேனில் பெருங்குறை தெரிந்தால் என்ன செய்வது? இரண்டிற்கும் அடியில் இருப்பது ஒரே வினா: கரு எப்போது மனிதனாகிறது?

திருக்குர்ஆனின் 23ஆம் அத்தியாயம் கரு வளரும் படிநிலைகளைச் சொல்லி, பின்னர் அது வேறொரு படைப்பாக்கப்படுவதைக் குறிப்பிடுகிறது. இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ், மூன்று நாற்பது நாள்களுக்குப் பின் வானவர் ரூஹை ஊதுவதாகக் கூறுகிறது. இது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. 120 நாள் என்ற கணக்கு இதிலிருந்தே வந்தது. ஹுதைஃபா பின் அஸீத் (ரலி) வழியாக முஸ்லிமில் வரும் அறிவிப்போ, 42 இரவுகளுக்குப் பின் வானவர் வந்து உருவமைப்பதைச் சொல்கிறது. இமாம்களின் கருத்து வேறுபாட்டுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஆயினும் நம் முன்னோர், கருவின் எல்லா உரிமைகளையும் ஒரே நாளில் கட்டி வைக்கவில்லை. ஹுதைல் கோத்திரத்துப் பெண்ணொருத்தி அடிபட்டுக் கரு இறந்தபோது, அதற்கு ஈடாக ஓர் அடிமையை வழங்குமாறு நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். முழு மனிதனுக்குரிய தியத் அன்று. ஆனால் ஒன்றுமில்லை என்றும் விடப்படவில்லை. தந்தை இறந்தால் கருவிலிருக்கும் பிள்ளைக்கான பங்கு நிறுத்தி வைக்கப்படும். உயிருடன் பிறந்தால்தான் அது உரிமையாகும். நான்கு மாதம் கடந்து உயிரின் அடையாளமின்றிப் பிறந்த சிசுவை ஷாஃபி மத்ஹபில் குளிப்பாட்டி, கஃபனிட்டு அடக்க வேண்டும். ஜனாஸா தொழுகை இல்லை. ஹனஃபி மத்ஹபில் உறுப்புகள் உருவான சிசுவைக் குளிப்பாட்டித் துணியில் சுற்றி அடக்குவர், தொழுகை இல்லை. ஹன்பலி மத்ஹபில் நான்கு மாதமானால் தொழுகையும் உண்டு.

ஹனஃபி அறிஞர்களில் சிலர் 120 நாளுக்கு முன் தக்க காரணத்துடன் கலைப்பதை அனுமதித்தனர். கி.பி. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலியோ, கரு தரித்ததிலிருந்தே அதை அழிப்பது குற்றம் என்றும், படிநிலை ஏற ஏறக் குற்றம் பெருகும் என்றும் விளக்கினார்.

வியப்பு என்னவெனில், ஆங்கிலேயர் 1860இல் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டமும் இதுபோன்றதொரு படியை வைத்தது. 312ஆம் பிரிவு, கருக்கலைப்புக்கு மூன்றாண்டு வரையும், வயிற்றில் சிசுவின் அசைவு தொடங்கிய பின் ஏழாண்டு வரையும் சிறை விதித்தது. தாயின் உயிரைக் காக்கச் செய்தது மட்டும் விலக்கு. சாந்திலால் ஷா குழு 1966இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து வந்த 1971ஆம் ஆண்டுச் சட்டம் 20 வாரம் வரை நிபந்தனைகளுடன் அனுமதித்தது. 2021இன் திருத்தம் சில பிரிவினருக்கு அதை 24 வாரமாக்கியது. 2023 அக்டோபரில், 26 வாரக் கருவைக் கலைக்க இரு பிள்ளைகளின் தாய் கோரியபோது உச்ச நீதிமன்றம் மறுத்தது.

கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. மருத்துவர் கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணுகிறார். ஃபிக்ஹின் 120 நாள் கரு தரித்ததிலிருந்து தொடங்குகிறது. எனவே அது மருத்துவக் கணக்கில் ஏறத்தாழ 19 வாரம். குறை கண்டறியும் ஸ்கேன் 18 முதல் 20 வாரத்தில்தான் எடுக்கப்படுகிறது. மக்காவின் ஃபிக்ஹ் அவை 1990இல் எடுத்த முடிவின்படி, தீர்க்க இயலாத கடுங்குறையை நம்பகமான மருத்துவர் குழு உறுதிசெய்தால், பெற்றோர் கோரிக்கையின் பேரில் 120 நாளுக்கு முன் கலைக்கலாம். அதற்குப் பின் தாயின் உயிருக்கு உறுதியான ஆபத்து இருந்தாலன்றிக் கூடாது.

ஆகவே பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி போன்ற மேல்மலை ஊர்களிலிருந்து மலையிறங்கித் திண்டுக்கல்லோ மதுரையோ செல்ல வேண்டிய குடும்பத்துக்கு ஒரு வாரத் தாமதமும் தீர்ப்பையே மாற்றிவிடும். தொடக்க மாதங்களிலேயே கர்ப்பிணியை மருத்துவரிடம் காட்டுங்கள். முடிவெடுக்கும் முன் மருத்துவரையும் ஆலிமையும் சேர்த்தே கேளுங்கள். சட்டம் அனுமதிப்பதெல்லாம் மார்க்கம் அனுமதிப்பதாகாது. அதுபோலவே, தாயின் உயிர் ஆபத்தில் இருக்கையில் அவளைக் காப்பதை மறுப்பதும் மார்க்கமன்று.

சிசுவை இழந்த தாயிடம் "அது வெறும் கருதானே" என்று எவரும் சொல்ல வேண்டாம். நம் ஃபிக்ஹ் ஒருபோதும் அப்படிச் சொன்னதில்லை.

அல்லாஹ் அத்தகைய தாய்மார்களுக்குப் பொறுமையையும் நிறைவான கூலியையும் வழங்குவானாக! ஆமீன். வல்லாஹு அஃலம்.