புது நோய் பரவுதுன்னு செய்தி வந்தா வீட்ல எவ்வளவு பயப்படணும்? வடசென்னை அனுபவம் சொல்வது என்ன?

எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது முகத்துவாரக்குப்பம். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் ஆறு, சுற்றுவட்டாரத்தில் அனல்மின் நிலையம், துறைமுகம், தொழிற்சாலைகள். இருமலும் கண் எரிச்சலும் தொண்டைக் கமறலும் இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு ஆற்றில் பரவி, படகுகளிலும் வலைகளிலும் ஒட்டிக்கொண்டது. அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் கடலில் இருந்த அம்மோனியா குழாயில் கசிவு ஏற்பட்டு, மூச்சுத் திணறலோடு மக்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் ஒரு நாள் ராத்திரி வாட்ஸ்அப்பில் ‘புதிய வைரஸ் வந்தாச்சு’ என்று ஒரு வீடியோ வருகிறது. மாஸ்க் போட்ட கூட்டம், ஸ்ட்ரெச்சர், ஆம்புலன்ஸ் சத்தம். வீட்டில் எல்லாருக்கும் ஒரே கேள்விதான். “யம்மா, பாப்பாவ நாளைக்கு ஸ்கூலுக்கு அனுப்பலாமா, வேணாமா?”

புது நோயைப் பற்றிய பயம் தப்பில்லை. ஆனால் எவ்வளவு பயம், எதைப் பார்த்து பயம் என்பதில்தான் குடும்பங்கள் சறுக்குகின்றன. கடந்த சில ஆண்டுகளில் சென்னையே அதற்குச் சாட்சி.

‘புதுசு’ன்னு சொன்னது புதுசே இல்ல

2025 ஜனவரியில் ஹெச்எம்பிவி என்ற பெயர் திடீரென்று எல்லா போனிலும் ஓடியது. சீனாவில் ஆஸ்பத்திரி நிரம்பி வழிவதாக வீடியோக்கள் பரவின. ஜனவரி 6-ம் தேதி தமிழ்நாட்டிலும் சென்னையில் ஒருவர், சேலத்தில் ஒருவர் என இரண்டு பேருக்குத் தொற்று இருப்பதாக மாநில அரசு சொன்னது. அவ்வளவுதான், ‘திரும்ப லாக்டவுனா?’ என்ற பேச்சு கிளம்பிவிட்டது.

உண்மையில் அந்த வைரஸை நெதர்லாந்து விஞ்ஞானிகள் 2001-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்கு முன்பும் அது மனிதர்களிடையே பல ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஐந்து வயதுக்குள் ஒரு தடவையாவது சளி, காய்ச்சலாக வந்து போயிருக்கும். கைக்குழந்தைகளும் வயதானவர்களும் கவனமாக இருக்க வேண்டும் என்பது சரி. மற்றவர்கள் தூக்கத்தைத் தொலைத்ததற்குக் காரணம் வைரஸ் இல்லை, வீடியோ.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது, நோய் புதுசா அல்லது பெயர் மட்டும் நமக்குப் புதுசா என்பதைத்தான்.

ராயபுரத்தில் நடந்தது என்ன?

கொரோனா நிஜமாகவே புதிய நோய். தமிழ்நாட்டில் முதல் தொற்று 2020 மார்ச் 7-ம் தேதி உறுதியானது. அடுத்த சில வாரங்களில் சென்னை மாநகராட்சி தினமும் வெளியிட்ட மண்டலவாரிப் பட்டியலில் மேலே நின்ற பெயர், 5-வது மண்டலமான ராயபுரம். ஒட்டி ஒட்டி இருக்கும் வீடுகள், பொதுக் குழாய், பொதுக் கழிப்பிடம், ஒரே அறையில் ஆறு பேர். வைரஸுக்கு இதைவிட வசதி வேண்டியதில்லை.

அப்போது மக்கள் இரண்டு விஷயங்களுக்குப் பயந்தார்கள். ஒன்று நோய். இன்னொன்று, நோய் வந்தது வெளியே தெரிந்துவிடுமே என்பது. தெருவை மறித்துத் தகரம் அடித்தார்கள், வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். மீன் விற்கப் போக முடியாது, கூலி வேலைக்குப் போக முடியாது, பக்கத்து வீட்டுக்காரரே முகத்தைத் திருப்பிக்கொள்வார். இதற்குப் பயந்து காய்ச்சலை மறைத்தவர்கள் உண்டு. காய்ச்சல் முகாம் வாசல் வரை வந்தபோதும் ‘ஒண்ணுமில்ல, லேசா சளிதான்’ என்று மாத்திரை போட்டுக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டார்கள். மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நிலைமை கைமீறியிருக்கும்.

பயம் எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு சென்னை மறக்க முடியாத ஒரு சம்பவம் உண்டு. நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் 2020 ஏப்ரல் 19-ம் தேதி கொரோனாவால் இறந்தார். அவரது உடலைக் கீழ்ப்பாக்கத்தில் அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் தடுத்தது. வேலங்காட்டுக்குக் கொண்டு போனால் அங்கே ஆம்புலன்ஸ் மீதே தாக்குதல். கடைசியில் சக மருத்துவர் ஒருவர், ஊழியர்கள் உதவியோடு அந்த இரவில் அவசர அவசரமாக அடக்கம் செய்தார். முறைப்படி மூடிய ஒரு உடலிலிருந்து அந்தத் தெருவுக்கு நோய் வர வாய்ப்பு மிக மிகக் குறைவு. நோய் பரவியது உயிரோடு இருப்பவர்களின் மூச்சுக்காற்றில். கல்லெறியக் கூடி நின்ற கூட்டத்தில்தான் அதற்கான வாய்ப்பு அதிகம்.

தெருத்தெருவாக பிளீச்சிங் பவுடர் போட்டதும், காய்கறியை சோப்பு போட்டுக் கழுவியதும் இதே கணக்குதான். பயம் இருந்தது, ஆனால் இடம் மாறி இருந்தது. ஜன்னலைத் திறந்து வைத்திருந்தாலே அதைவிடப் பலன் கிடைத்திருக்கும்.

பயம் போனப்பதான் ஆபத்து வந்துச்சு

இதில் பலர் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கிறது. 2020-ல் எல்லாரும் நடுங்கிக்கொண்டிருந்தபோது தமிழ்நாட்டின் ஒருநாள் பாதிப்பு உச்சபட்சமாக 7 ஆயிரத்தை நெருங்கியது. அது ஜூலை மாதக் கடைசி. 2021 தொடக்கத்தில் ‘கொரோனாலாம் போயிடுச்சு’ என்று கல்யாணம், கோயில் திருவிழா, தேர்தல் கூட்டம் எல்லாம் களைகட்டின. அந்த மே மாதம் ஒருநாள் பாதிப்பு 36 ஆயிரத்தைத் தாண்டியது. ஆக்சிஜன் படுக்கைக்காக ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றன.

அதாவது செய்தி புதுசாக இருந்தபோது பயம் அதிகம், ஆபத்து குறைவு. செய்தி பழசானபோது பயம் குறைவு, ஆபத்து ஐந்து மடங்கு. டிவியில் சிவப்புப் பட்டையில் ஓடும் எழுத்தை வைத்து வீட்டின் பயத்தை அளந்தால் இப்படித்தான் தலைகீழாகும்.

சென்னையிலேயே கிளம்பிய ஒரு புது நோய்

வெளிநாட்டிலிருந்துதான் புது நோய் வரும் என்றில்லை. 1992-ல் மெட்ராஸில் திடீரென்று காலரா பரவியது. பரிசோதித்துப் பார்த்தால் அது அதுவரை பெரிய அளவில் காலராவைப் பரப்பிய வகையே இல்லை. ஓ139 என்று பெயரிடப்பட்ட புதிய வகை. பழைய காலராவால் உடம்பில் உருவாகியிருந்த எதிர்ப்பு இதனிடம் எடுபடவில்லை, அதனால் பெரியவர்களே அதிகம் படுத்தார்கள். 1993-ல் கல்கத்தா, வங்கதேசம் வரை பரவியது. உலகம் முழுக்க எட்டாவது காலரா கொள்ளைநோய் வருமோ என்று நிபுணர்களே அஞ்சினார்கள். அப்படி நடக்கவில்லை, அந்த வகை மெல்ல மெல்லப் பின்வாங்கிவிட்டது.

முக்கியமான விஷயம், கிருமி புதுசு, ஆனால் வைத்தியம் பழசு. ஓஆர்எஸ் கரைசலும் தேவைப்பட்டால் டிரிப்ஸும் கொடுத்தாலே போதும். சிகிச்சையே இல்லாமல் விட்டால் கடுமையான காலரா பாதிபேரைக்கூடக் கொல்லும். நேரத்துக்கு நீர்ச்சத்து கொடுத்தால் இறப்பு நூற்றில் ஒன்றுக்கும் கீழே. லாரித் தண்ணீரையும் டிரம்மையும் நம்பி இருக்கும் வடசென்னைப் பகுதிகளில், வெள்ளத்துக்குப் பிறகு குழாயில் சாக்கடை கலக்கும் நாட்களில், எந்தப் புது வைரஸையும்விட இதுதான் முதலில் ஞாபகத்துக்கு வர வேண்டும்.

அப்போ எதைப் பார்த்து பயப்படணும்?

எப்படிப் பரவுகிறது என்பதுதான் பெரிய கேள்வி. 2018-ல் கோழிக்கோட்டில் நிபா வந்தபோது நோய் உறுதியானவர்கள் 18 பேர், அவர்களில் பெரும்பாலானோர் இறந்துவிட்டார்கள். கேட்கவே நடுக்கம்தான். ஆனால் நோயாளியை மிக அருகிலிருந்து கவனித்துக்கொண்டவர்களுக்கும் ஆஸ்பத்திரியில் அருகில் இருந்தவர்களுக்கும்தான் அது தொற்றியது. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கெல்லாம் தாவவில்லை. கொரோனா நேர் எதிர். நூறு பேருக்கு வந்தால் மிகச் சிலரைத்தான் கொன்றது. ஆனால் காற்றில் பரவி கோடிக்கணக்கானவர்களைத் தொட்டதால் இறப்பு எண்ணிக்கை மலையளவு ஆனது. ஆக, எண்ணூரில் இருக்கும் குடும்பம் கோழிக்கோட்டு நிபாவுக்காகக் கதவை மூட வேண்டியதில்லை. அதுவே காற்றில் பரவும் நோய் என்றால், அது பக்கத்து மாநிலத்தில் இருக்கும்போதே தாத்தா பாட்டியைப் பற்றி யோசிக்கத் தொடங்கலாம்.

இன்னொன்று, ஆரம்ப நாட்களில் சொல்லப்படும் இறப்பு சதவீதம். அது பெரும்பாலும் கூடுதலாகத்தான் தெரியும். ஏனென்றால் மோசமாகி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களுக்கு மட்டுமே அப்போது டெஸ்ட் எடுத்திருப்பார்கள். உதாரணத்துக்கு, டெஸ்ட் எடுத்த 10 பேரில் 5 பேர் இறந்தால் ‘50 சதவீத மரணம்’ என்று செய்தி ஓடும். லேசாக வந்து வீட்டிலேயே குணமான 990 பேரையும் பின்னால் கணக்கில் சேர்த்தால் அதே எண் அரை சதவீதம் ஆகிவிடும்.

அதே சமயம் ‘உயிருக்கு ஆபத்தில்லை’ என்றால் கவலையே வேண்டாம் என்றும் இல்லை. 2006-ல் சிக்குன்குனியா திரும்ப வந்தபோது இறப்பு அதிகமில்லை. 1964-லேயே மெட்ராஸ் பார்த்த நோய்தான் அது. ஆனால் மூட்டுவலி மாதக்கணக்கில் நின்றது. வலை இழுக்கும் கைக்கும் கூடை தூக்கும் தோளுக்கும் மூன்று மாத மூட்டுவலி என்றால், மூன்று மாத வருமானம் போச்சு என்று அர்த்தம். கொசுவால் வரும் நோய் என்பதால் மாஸ்க் இதில் உதவாது, டிரம்மை மூடி வைப்பதுதான் உதவும்.

உலக சுகாதார நிறுவனம் ‘சர்வதேச அவசரநிலை’ என்று அறிவித்தால்? அது நாடுகளுக்கான எச்சரிக்கை மணி. கொரோனாவுக்கு 2020 ஜனவரி 30-ல் அடித்தார்கள், அது சரியாகவே பலித்தது. 2024 ஆகஸ்டில் குரங்கம்மைக்கும் அடித்தார்கள். இங்கே பெரும்பாலான குடும்பங்களின் அன்றாடத்தில் அதனால் ஒன்றும் மாறவில்லை.

ஒரே ரூம் வீட்டில் எப்படித் தனிமைப்படுத்துறது?

‘நோயாளிக்குத் தனி அறை, தனிக் கழிப்பறை’ என்ற அறிவுரை குப்பத்து வீடுகளுக்குப் பொருந்தாது. இருப்பதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். காற்றில் பரவும் நோய் என்றால், காய்ச்சல் இருப்பவர் ஜன்னல் அல்லது வாசல் ஓரம் படுக்கலாம். கதவு, ஜன்னல் திறந்தே இருக்கட்டும், கடற்காற்று இங்கே காசில்லாமல் கிடைக்கிற மருந்து. நோயாளியும் அவரைக் கவனிப்பவரும் மாஸ்க் போட வேண்டும். கவனிப்பவர் ஒரே ஆளாக, உடல்நிலை நன்றாக இருப்பவராக இருப்பது நல்லது. அந்தப் பொறுப்பு வழக்கம்போல சர்க்கரை நோய் உள்ள அம்மா தலையில்தான் விழும். அதை மாற்ற வேண்டும்.

யாருக்கு ஆபத்து அதிகம் என்பதை நோய் வருவதற்கு முன்பே வீட்டில் தெரிந்து வைத்திருக்கலாம். 60 வயதைத் தாண்டியவர், சர்க்கரை, பிரஷர், ஆஸ்துமா இருப்பவர், கர்ப்பிணி, கைக்குழந்தை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வரும் சர்க்கரை, பிரஷர் மாத்திரையை விடாமல் போடுவது, புது நோய்க்கு எதிராகவும் ஒரு கவசம்தான். இந்தப் பகுதியில் இருமல் எப்போதும் இருக்கும் என்பதால் ‘புகையால வர்ற இருமல்தான்’ என்று ஒதுக்கிவிடும் பழக்கம் உண்டு. இருமலோடு காய்ச்சலும் சேர்ந்தாலோ, வழக்கமாக ஏறும் படியில் மூச்சு வாங்கினாலோ அது புகை இல்லை.

எப்போ உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்?

எந்த நோய் என்று பெயர் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, குழப்பமான பேச்சு, எழுப்பினால் எழாமல் தூங்குவது, தண்ணீர்கூட உள்ளே இறங்காதது, சிறுநீர் குறைவது, வலிப்பு. இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் 94-க்குக் கீழே காட்டினால் டாக்டரிடம் போக வேண்டும். 90-க்குக் கீழே என்றால் 108-தான்.

குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் மூச்சை எண்ணிப் பார்க்கலாம். 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணைத் தொட்டாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ தாமதிக்கக் கூடாது.

டெங்கு விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. காய்ச்சல் விட்டுவிட்டது என்று வீடே நிம்மதியாகும் அந்த ஓரிரு நாட்களில்தான் அது மோசமாகும். அப்போது வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் ரத்தம் தெரிந்தால் உடனே கிளம்ப வேண்டும். மெடிக்கலில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போடக் கூடாது, பாராசிட்டமால் மட்டும்தான்.

திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இருப்பவர்களுக்கு முதலில் அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், பெரிய சிகிச்சைக்கு பழைய வண்ணாரப்பேட்டை ஸ்டான்லி அரசு மருத்துவமனை, தொற்று நோய்களுக்கென்றே தண்டையார்பேட்டையில் தனி மருத்துவமனை. சந்தேகம் கேட்க 104.

பாப்பாவை ஸ்கூலுக்கு அனுப்பலாமா என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. அரசு பள்ளியை மூடச் சொல்லாத வரை, குழந்தைக்குக் காய்ச்சல் இல்லை என்றால் அனுப்பலாம். காய்ச்சல் இருந்தால், மாத்திரை போடாமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகு அனுப்பலாம்.